நாம்திங் குளத்துக்காரங்களுக்கு ஒரு பெரிய நன்றி

டார்ஜிலிங் பக்கம் குர்சியாங் மலையில, சிட்டோங் கிட்ட இருக்கற நாம்திங் பொக்ரியை, அதாவது நாம்திங் குளத்தைச் சுத்தி இருக்கற எல்லாருக்கும் வணக்கம். பார்க்க பல்லி மாதிரி, ஆனா தவளை மாதிரி நீர்நில வாழ்வியான இமாலய சாலமண்டரை, நீங்க சொல்ற பானி கோஹோரோவை, கண்ணால பார்த்துட்டேங்க! எங்க தென்னிந்தியாவுல தவளை இருக்கு தேரை இருக்கு, சாலமண்டர் மட்டும் கிடையாது, அதனால எனக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு சொல்லத் தெரியல.

முதல் நன்றி நாங்க தங்கின ஹோம்ஸ்டே தீதிக்கு, அந்த அக்காவுக்கு. மழை நல்லா பிடிச்சாத்தான் அது குளத்துக்கு இறங்கும், மத்த நாள்ல சருகுக்கும் கல்லுக்கும் அடியில பதுங்கிக்கும், பனிக்காலத்துல வந்தா வத்தின குளத்தைத்தான் பார்ப்பீங்கன்னு போன்லயே சொல்லி, ஜூலைக்கு வரச் சொன்னாங்க. அந்தச் சேத்து ரோட்டுல பதறாம ஜீப் ஓட்டி, அட்டை கடிக்காம இருக்க உப்பும் குடுத்த தாஜூவுக்கும், அந்த டிரைவர் அண்ணனுக்கும் நன்றி. பூட்ஸை கழுவாம கரைக்கு போகக்கூடாதுன்னு கண்டிப்பா சொன்ன வனத்துறை அண்ணனுக்கு தனியா ஒரு நன்றி, தவளை சாலமண்டரையெல்லாம் கொல்ற பூஞ்சை நோய் நம்ம கால் சேறு வழியாவும் பரவும், அவர் கறாரா இருந்தது ரொம்ப சரி.

அப்புறம் தேயிலைத் தோட்டத்து தாத்தா. நாங்க தண்ணியவே பார்த்துட்டு இருந்தோம், அவர்தான் கரையோர புல்லுத்தண்டுல ஒட்டியிருந்த முட்டையை காட்டினார், ஜெல்லி மாதிரி, உள்ள ஒரு புள்ளி. கொஞ்ச நேரத்துல பெருசு ஒண்ணு மூச்சு வாங்க மேல வந்துச்சு, கரும்பழுப்பு உடம்பு, தட்டை தலை, ரெண்டு பக்கமும் வரிசையா புடைப்பு, ஒரு மடக்கு காத்தை வாங்கிட்டு வாலை ஒரு வெட்டு வெட்டி கீழ போயிடுச்சு. ஓரத்துல குட்டிங்க, கழுத்துப் பக்கத்துல இறகு மாதிரி செவுளோட!

இதெல்லாம் மிச்சம் இருக்கறதே உங்களாலதான். கரை மண்ணாவும் புல்லாவும் இருக்கறதாலதான் அது ஏறி இறங்க முடியுது, முட்டை வைக்க முடியுது. அழகுபடுத்தறேன்னு யாராவது சிமெண்ட் போட வந்தாலோ, மீன் விடறேன்னு வந்தாலோ தயவுசெஞ்சு விடாதீங்க, மீன் முட்டையையும் குட்டியையும் தின்னுடும்.

குட்டிங்களை முதல்ல கண்டுபிடிச்ச ஸ்கூல் பசங்களுக்கு போட்டோ பிரிண்ட் போட்டு, தீதி வீட்டு அட்ரஸுக்கு தபால்ல அனுப்பியிருக்கேன், தாத்தாவுக்கும் ஒரு காப்பி இருக்கு, குடுத்துடுங்க.