வரலாற்று முதுகலைமாணி: விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்கட்கு,

பட்டப்பின்படிப்புக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல்களில் கட்டணமும் முடிவுத் திகதியும் தெளிவாக இருக்கும். மொத்தம் எத்தனை கிரெடிட் (கற்றலின் அளவு), பட்டங்களைத் தரப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் எந்த மட்டம், ஆய்வேடு உண்டா, அதைத் தமிழில் எழுதலாமா என்ற விவரங்கள் பலவற்றில் இருப்பதில்லை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் பலர் பணம் கட்டிய பிறகுதான் இவற்றை விசாரிக்கிறார்கள்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி முதுமாணி இரு வகைப்படும். பாடநெறியை மட்டும் கொண்டது 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். அதில் ஆகக் குறைந்தது 15 கிரெடிட் ஆய்வுக்குரியது. இரண்டையும் முதுகலைமாணி என்றே சொல்வதால் பெயரைப் பார்த்து வேறுபாட்டை அறிய முடியாது. பின்னர் கலாநிதிப் பட்டத்தை நோக்கிப் போக நினைப்பவர் ஆய்வுள்ளதையே தேட வேண்டும். ஆசிரியர் சேவைக்கான பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு இவற்றில் எதுவும் மாற்றீடு அல்ல என்பதையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

பாடநெறியில் ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேரக் கற்றல். ஆய்வில் ஆகக் குறைந்தது 100 மணிநேரம். ஆகவே 30 கிரெடிட்டுக்கு 1500 மணிநேரம். 60 கிரெடிட்டில் 45 பாடநெறிக்கும் 15 ஆய்வுக்கும் என்றால் 2250உம் 1500உம் சேர்ந்து 3750 மணிநேரம். பாடசாலை வேலையோடு வாரத்துக்கு 20 மணிநேரம் ஒதுக்குபவருக்கு இது மூன்றரை ஆண்டுக்கும் மேலான உழைப்பு. சனி, ஞாயிறு விரிவுரைக்குப் போய்வந்தால் போதும் என்ற எண்ணம் இங்கேதான் தவறாகிறது. விரிவுரை ஒரு கிரெடிட்டுக்கு 15 மணிநேரம்தான். மிகுதி சொந்த வாசிப்பு, ஒப்படை, பரீட்சை போன்றவற்றுக்கு.

அனுமதியைப் பொறுத்தவரை, மூன்றாண்டுப் பொதுப் பட்டம் 90 கிரெடிட்டுடன் 5ஆம் மட்டம், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 120 கிரெடிட்டுடன் 6ஆம் மட்டம். பொதுப் பட்டதாரி தம் பட்டத்தில் வரலாறு எத்தனை கிரெடிட் இருந்தது என்பதைப் பெறுபேற்றுப் பத்திரத்தில் காட்ட ஆயத்தமாக இருக்க வேண்டும். அந்தப் பத்திரம் கைக்கு வர வாரக்கணக்கில் செல்லலாம். அறிவித்தல் வரும் முன்னரே கேட்டு வாங்கிவிடுங்கள். வெளிநாட்டுப் பட்டமென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரத்தை முதலில் உறுதிப்படுத்துங்கள்.

பலர் முடிக்காமல் நின்றுவிடுவது ஆய்வேட்டில்தான். எழுதத் தெரியாதது அதற்குக் காரணமல்ல. சான்று எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தலைப்பைப் பதிந்துவிடுகிறார்கள். "மட்டக்களப்பின் வரலாறு" என்பது ஆய்வுத் தலைப்பே அல்ல. "1892இல் நெல்வரி நீக்கப்படுவதற்கு முந்திய இருபது ஆண்டுகளில் கரவாகுப்பற்று வயற்காணிகள்" என்றால் இடம், காலம், கேள்வி மூன்றும் பிடிபடும். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று விடயங்களை மட்டக்களப்புக் கச்சேரியின் பதிவுகளிலே தேட வேண்டும். அம்பாறை என்ற பெயரில் தேடிவிட்டு "பதிவே இல்லை" என்று முடிவுக்கு வருவது வீண் ஏமாற்றம். ஒரே ஊரின் பெயர் ஆங்கில ஆவணங்களில் பல எழுத்தமைப்புகளில் வரும். அத்தனையையும் குறித்துக்கொண்டு போனால்தான் பட்டியலில் அகப்படும்.

1638இல் மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தரிடம் போன காலத்தை எடுப்பவருக்குப் பழைய டச்சு மொழியும் கையெழுத்தும் தெரிய வேண்டும். இல்லையேல் மொழிபெயர்ப்பாகி அச்சில் வந்தவற்றோடு நிற்க நேரும். அந்த வரம்பை முன்மொழிவிலேயே எழுதிவிட வேண்டும். 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மிசன் கல்விப் பணியை எடுப்பவர், மிசனின் ஆவணங்கள் லண்டனில் இருப்பதை அறிந்து பிரதிகளுக்கான செலவையும் காலத்தையும் கணக்கிட வேண்டும். மட்டக்களப்பின் பழைய வரலாற்றைக் கூறும் மட்டக்களப்பு மான்மியத்தைப் பயன்படுத்துபவர் அது ஏட்டுச்சுவடிகளிலிருந்து 1962இல் அச்சான நூல் என்பதை மறக்கக் கூடாது. அதிலுள்ள அரசர் வரிசையை அப்படியே ஆண்டுக்கணக்காக்கினால் பரீட்சகர் திருப்பி அனுப்புவார்; அனுப்பத்தான் வேண்டும். கோயில் உரிமைகளைக் கூறும், ஏட்டில் எழுதப்பட்ட கல்வெட்டுப் பாடல்களுக்கும் இதே கவனம் தேவை: எப்போது இயற்றப்பட்டது, யார் வைத்திருந்த பிரதி, எந்தக் குடியின் உரிமையை நிறுவ எழுந்தது என்று கேட்டபின்பே சான்றாகக் கொள்ளலாம்.

முதன்முறை ஆய்வு செய்பவருக்குக் கிழக்கைத் தாக்கிய 1978 நவம்பர் சூறாவளி மிகப் பொருத்தமான தலைப்பு என்பது எமது கருத்து. கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அக்காலப் பத்திரிகைகளைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பார்க்கலாம். செவ்வி எடுக்கும் முன் எழுத்திலான சம்மதமும் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறி அனுமதியும் பெறுங்கள். எடுத்த பின் அனுமதி கேட்டால் அந்தச் செவ்விகளைப் பயன்படுத்த முடியாமற் போகலாம். காப்பகத்தில் குறிப்பெடுக்கும்போதே தொகுதி இலக்கம், கோவை இலக்கம், திகதி மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அடிக்குறிப்புக்காகத் திரும்ப ஒருமுறை கொழும்புக்குப் பயணப்படுவது கல்முனையிலிருந்தோ வாழைச்சேனையிலிருந்தோ இலகுவான காரியமல்ல.

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகிய நமது இரு பல்கலைக்கழகங்களும் பட்டப்பின்படிப்பு அறிவித்தல்கள் ஒவ்வொன்றிலும் மட்டம், கிரெடிட், ஆய்வேட்டு மொழி, பதிவு செல்லுபடியாகும் உச்சகாலம், இடையில் விலகுபவருக்கு டிப்ளோமா கிடைக்குமா ஆகிய ஐந்தையும் தமிழில் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இவ்விவரங்கள் இல்லாத அறிவித்தலைப் பார்ப்பவர்கள், பணம் கட்டும் முன் பதிவாளருக்கு எழுதி, பதிலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
வரலாற்றுப் பாட ஆசிரியர்கள் சிலர்,
மட்டக்களப்பு.