டான்யூப் ஸ்டர்ஜன் குஞ்சுகளுக்காக நன்கொடை வேண்டுகோள்: இன்னும் 4,650 யூரோ தேவை

அன்புடையீர், வணக்கம்.

டான்யூப் கரை நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, கீழ் டான்யூப் ஆற்றில் ஸ்டர்ஜன் என்னும் மீனின் குஞ்சுகளை விடும் பணிக்குப் பொருளுதவி செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். செப்டம்பர் 15-க்குள் முழுத்தொகையும் கட்டியாக வேண்டும். தவறினால் நமக்கென ஒதுக்கிய குஞ்சுகளுக்கு அடையாளச் சில்லு பொருத்தும் வேலையே தொடங்காது. இந்த ஆண்டின் பருவமும் கைநழுவிவிடும்.

இந்த மீனின் பெருமையைக் கேட்க வேண்டுமானால் டான்யூப் கழிமுகத்து (டெல்டா) கிராமங்களின் முதிய மீனவர்களிடம்தான் கேட்க வேண்டும். தாத்தா காலத்துப் பெலூகாவை, அதாவது ஸ்டர்ஜனிலேயே மிகப் பெரிய இனத்தை, பற்றிப் பேசத் தொடங்கினால் அவர்கள் நிறுத்துவதில்லை. அந்தப் பெருமிதத்தில் மிகை ஏதும் இல்லை. 1827-இல் ரஷ்யாவின் வோல்கா ஆற்றில் பிடிபட்ட பெலூகா ஒன்று 7 மீட்டருக்கு மேல் நீளமும் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையும் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. டைனோசர் காலத்திலேயே வாழ்ந்த குலம் இது. கருங்கடலிலிருந்து முட்டையிடப் புறப்பட்டு, ஒரு காலத்தில் வியன்னாவையும் தாண்டி ஆற்றில் ஏறியது.

ருமேனியா-செர்பியா எல்லையில் 1972-இலும் 1984-இலும் எழுந்த அயர்ன் கேட்ஸ் அணைகள் அந்த வழியை அடைத்துவிட்டன. எஞ்சியதைக் கேவியர் என்னும் உப்பிட்ட ஸ்டர்ஜன் முட்டை மீதான ஆசை தின்றது. முட்டைக்காகத் தாய்மீனையே கொல்கிறார்கள். பெண் பெலூகா முட்டையிடும் பருவத்தை எட்டவே 15 ஆண்டுக்கு மேல் ஆகும். அதன் பிறகும் ஆண்டுதோறும் இடாது. ஒன்றைக் கொன்றால் ஒரு தலைமுறையே போகிறது. ருமேனியா 2006-இலேயே ஸ்டர்ஜன் பிடிக்கத் தடை விதித்தது, ஆனாலும் திருட்டு வலைகள் ஓயவில்லை. உலகில் எஞ்சியுள்ள 26 ஸ்டர்ஜன் இனங்களும் அழிவின் அச்சுறுத்தலில் இருப்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022-இல் அறிவித்தது. அதே அறிவிப்பில், இவற்றின் நெருங்கிய உறவான சீனத் துடுப்புமீன் அடியோடு அழிந்துவிட்டது என்றும், யாங்சி ஸ்டர்ஜன் இயற்கையில் இல்லாமல் போய்விட்டது என்றும் சொன்னார்கள்.

குஞ்சு வளர்ப்புத் தொட்டியருகே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். விரல் நீளம்தான் இருக்கும். முதுகிலும் பக்கங்களிலும் எலும்புத் தகடுகள் வரிசையாகத் துருத்திக்கொண்டு, கையில் எடுத்தால் உள்ளங்கையை ரம்பம்போல உரசும். மூக்கின் அடியில் நான்கு மீசைகள். அவற்றால் தரையைத் தடவித் தடவியே இரை தேடுகிறது.

செலவுக் கணக்கு இதுதான். அடையாளச் சில்லுகளுக்கும் கருவிக்கும் 6,000 யூரோ. ஆக்சிஜன் தொட்டி வைத்த லாரிக்கு 3,200. வலையில் தப்பித்தவறிச் சிக்கும் ஸ்டர்ஜனை உயிரோடு விட வலையை அறுக்கும் மீனவர்களுக்கு ஈடாக 4,800. ஆக மொத்தம் 14,000. கையில் இருப்பது 9,350.

அந்த 9,350-ஐத் தந்தவர்களை வாயார வாழ்த்துகிறோம். ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே கொடுத்த பெரியவர், உண்டியலை உடைத்துச் சில்லறையோடு கொண்டுவந்த பிள்ளைகள், பகுதிநேர வேலைக் கூலியில் பங்கு தந்த மாணவர்கள், அறுபதாம் கல்யாண விருந்தை எளிமையாக்கி மிச்சத்தை அனுப்பிய தம்பதி, பெயரே வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் முறையாகக் கொடுத்த அம்மா: உங்கள் அனைவரையும் இறைவன் குறைவின்றி வைத்திருக்க வேண்டும். வாயில்லா உயிருக்குச் செய்யும் தானம் வீண்போகாது என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம்.

பட்டியலில் பெயர் எழுதிவிட்டு இன்னும் தொகை அனுப்பாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சொல்லை நம்பித்தான் குழு கையெழுத்திட்டது. பிள்ளைகள் உண்டியலை உடைத்திருக்க, பெரியவர்கள் நாம் பின்வாங்குவது அழகல்ல. கேவியரைத் தொட்டதே இல்லை என்பவர்களும் விலகி நிற்க முடியாது. அந்த அணைகளின் மின்சாரம் நம்மில் பலர் வீட்டிலும் விளக்கெரிக்கிறது.

ஐந்து யூரோவானாலும் சரி, பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது குழுவின் வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டுத் தெரிவியுங்கள். வரவு செலவு முழுவதும் அடுத்த பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும். கடைசி நாள் செப்டம்பர் 15.

இப்படிக்கு,
ஸ்டர்ஜன் குஞ்சு விடும் பணிக் குழுவினர்