39-ஆம் நம்பர், சைடு லோயர்

அன்பு பவிக்கு,

நீ அனுப்பிய டிக்கெட் போட்டோவை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். டெல்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், எஸ்5, 39. "சைடு லோயர்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். அவருக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். நம்பரை எட்டால் வகு. மீதி 7 வந்தால் சைடு லோயர், மீதியே இல்லாவிட்டால் சைடு அப்பர். 1, 4 கீழே. 2, 5 நடுவில். 3, 6 மேலே. ஸ்லீப்பர் பெட்டி பழசானாலும் புதுசானாலும் இதே கணக்குதான்.

பொங்கலுக்கு விமான டிக்கெட் விற்கிற விலையைப் பார்த்து நீயாகவே ரயிலுக்கு மாறியதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் நீ கடைசியாக ஸ்லீப்பரில் படுத்தபோது உனக்கு ஏழு வயது. என் வயிற்றில் முட்டியை வைத்துக்கொண்டு தூங்கினாய். பெட்டியைப் பார்த்துக்கொண்டது நான், கழிவறைக்குக் கூட்டிப்போனது நான், ராத்திரி முழுக்க விழித்திருந்ததும் நான். உனக்கு அந்தப் பயணங்களில் ஜன்னலும் முறுக்கும்தான் ஞாபகம் இருக்கும். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏறினதும் நிம்மதியாகத் தூங்கிவிடலாம் என்று கணக்குப் போடாதே. தூக்கம் வரும், ஆனால் துண்டு துண்டாகத்தான் வரும். ராத்திரி ஒன்பது வாக்கில் டெல்லியை விடுகிற வண்டி மூன்றாம் நாள் காலையில்தான் சென்ட்ரலைத் தொடும். 33 மணி நேரத்தை ஒட்டி ஆகும், ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். நீ வருவது ஜனவரி. மூடுபனி இறங்கினால் இன்னும் மூன்று மணியோ ஐந்து மணியோ கூட ஆகலாம், யாரும் எதுவும் செய்ய முடியாது. வந்து சேருகிற அன்றைக்கே யாரையாவது பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்து வைக்காதே.

முதல் ராத்திரி குளிர்தான் பெரிய ஆள். ஸ்லீப்பரில் தலையணை, கம்பளி எதுவும் தரமாட்டார்கள், அதெல்லாம் ஏ.சி. பெட்டிக்காரர்களுக்கு. ஜன்னலில் கண்ணாடி ஒன்று, தகர ஷட்டர் ஒன்று இருக்கும். இரண்டையும் இறக்கினாலும் அடியில் ஒரு விரல்கடை இடைவெளி நிற்கும். ஆக்ரா தாண்டி வண்டி வேகம் எடுக்கும்போது அந்த வழியாகக் காற்று கத்தி மாதிரி உள்ளே வரும். பழைய செய்தித்தாளை நீளமாக மடித்து அதில் அடைத்துவிடு. சாக்ஸ், குல்லா, கனமான ஒரு கம்பளி. சால்வை போதும் என்று நினைக்காதே, குவாலியரில் அழுவாய்.

சைடு லோயரைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று. பகலில் அது எதிரெதிரே இரண்டு நாற்காலி. ராத்திரி இரண்டின் முதுகையும் சாய்த்துச் சேர்த்தால் படுக்கை. அந்த இரண்டும் சேருகிற இடம் சரியாக இடுப்புக்குக் கீழே வரும், ஒரு மேடு பள்ளம் இருக்கும். சில பெட்டிகளில் அதன் மேல் போட ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் ஒரு போர்வையை நான்காக மடித்து அந்த இடத்தில் போட்டுக்கொள். நடைபாதை ஓரம் என்பதால் போகிறவன் வருகிறவன் பை உன் தோளில் இடிக்கும். ராத்திரி ஒரு மணிக்கு ஏறுகிற குடும்பம் எல்லா விளக்கையும் போட்டு, "யே இக்தாலீஸ் கஹான் ஹை", நாற்பத்தியொண்ணு எங்கே என்று உன் காலைத் தட்டிக் கேட்கும். கோபப்படாதே. கையைக் காட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள். அதுவும் ஒரு துண்டுதான்.

பகலில் 40-ஆம் நம்பர்காரர் உன் பெர்த்தில்தான் உட்காருவார், அது அவர் உரிமை. இரவு 10 முதல் காலை 6 வரை மட்டும்தான் அது முழுக்க உன்னுடையது. அவர் போதாதென்று, ரிசர்வேஷன் இல்லாமல் ஏறுகிறவர்களும் வருவார்கள். "தோடா அட்ஜஸ்ட் கரோ" என்பார்கள். பகலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார், குழந்தையோடு நிற்கிறவளைப் பார்த்துக்கொண்டு கால் நீட்டிப் படுக்க உனக்கே மனசு வராது. ஆனால் பத்து மணிக்கு மேல் தாட்சண்யம் பார்க்காதே. அப்பா எல்லாருக்கும் இடம் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் விடிய விடிய உட்கார்ந்தே வந்திருக்கிறார், ஒரு தடவை இல்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். நீ அப்படிச் செய்ய வேண்டாம். நகரமாட்டேன் என்று ஒருவன் அடம்பிடித்தால் டி.டி.இ.யிடம் சொல், அவர் கண்ணில் படவில்லையென்றால் 139-க்கு போன் போடு. நம்பரை இப்போதே சேமித்து வை. ஆதார் அட்டை அசலைக் கையோடு எடுத்துக்கொள்.

பெட்டியை சீட்டுக்கு அடியில் வளையத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டு. பணமும் போனும் தலைக்கடியில். செருப்பை மட்டும் ஜன்னல் பக்கமாக உள்ளே தள்ளிவை. நான் ஒரு தடவை வெறுங்காலோடு வந்து இறங்கியவள். எடுத்துக்கொண்டு போனவளுக்கு அது பொருந்தியிருக்கவும் முடியாது, என் கால் அளவு உனக்குத் தெரியும்.

சாப்பாட்டு விஷயத்தில் உங்கள் பி.ஜி. ஆன்ட்டியிடம் ஆறு மேத்தி பராத்தா போட்டுத் தரச் சொல். ஊறுகாய் போதும், குழம்பு கிழம்பு வேண்டாம், கொட்டும். தண்ணீர் பாட்டில் வாங்கும்போது அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதே. பக்கத்தில் இருக்கிறவர்கள் ஏதாவது நீட்டுவார்கள். எங்கள் காலத்தில் மறுத்தால் முகம் சுருங்கும். இப்போது நான் வைத்திருக்கிற கணக்கு இது: குடும்பமாக வந்து, அவர்களும் அதே டப்பாவிலிருந்து எடுத்துத் தின்றால், ஒரு பூரி வாங்கிக்கொள். தனியாள் நீட்டுகிற பிஸ்கட்டும் டீயும் வேண்டாம், "இப்போதுதான் சாப்பிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல். எங்கே இறங்குகிறாய் என்று கேட்டால் "சென்னை, அண்ணன் வருவான்" என்று சொல். உனக்கு அண்ணன் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவா போகிறது.

கழிவறைக்கு விடியற்காலை ஐந்துக்கு முன்னால் போய்விடு. அதற்கப்புறம் வரிசை, அதற்கும் அப்புறம் தண்ணீர் இருக்காது. சோப்புக் காகிதம் கொண்டு போ. போனை பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உள்ளே போகாதே. பல ரயில்களில் ராத்திரி 11-லிருந்து 5 வரை சார்ஜ் பிளக்கில் கரண்ட்டை நிறுத்திவிடுகிறார்கள், பவர் பேங்க் இருக்கட்டும்.

விடியும்போது போபால் வரும். நேரத்துக்கு ஓடினால் ஆறு மணி வாக்கில். பாதித் தூக்கத்தில் இருந்தாலும் அதற்கு எழுந்துவிடு. போபால் தாண்டி கொஞ்ச நேரத்தில் ஹபீப்கஞ்ச், இப்போது ராணி கமலாபதி என்று பேர். அதற்கு இடது கைப் பக்கம் உள்ளே போனால் பெல் (பி.எச்.இ.எல்.) கம்பெனி குவார்ட்டர்ஸ், நீ பிறந்து தவழ்ந்த வீடு. ரயிலிலிருந்து தெரியாது. சும்மா பார்.

அதற்கப்புறம் காடும் மலையுமாக இறங்கி நர்மதைப் பாலம் வரும். தடதடவென்று சத்தம் மாறும்போதே தெரிந்துவிடும். பெட்டியில் பாதிப் பேர் எழுந்து கும்பிடுவார்கள், சில்லறை எறிவார்கள். நானும் எறிந்திருக்கிறேன். பாலத்துக் கம்பியில் பட்டு டிங் என்று ஒரு சத்தம் வந்தது, தண்ணீரில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது.

அடுத்து இடார்சி. இதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. உனக்கு ஒன்றரை வயது, ஜி.டி. எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வந்துகொண்டிருந்தோம். ஃபிளாஸ்க்கில் பால் திரிந்துவிட்டது, நீ வீறிட்டு அழுதாய். அப்பா மேல் பெர்த்தில் தூக்கம். உன்னை எதிர் சீட்டுப் பாட்டி மடியில் போட்டுவிட்டு நான் இறங்கினேன். பால்காரரிடம் ஐந்து பேர் நின்றார்கள். என் முறை வந்து, அவர் ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பின்னால் வண்டி நகர்ந்தது. ஹாரன் கேட்டதாகக்கூட ஞாபகம் இல்லை. மூடி அவர் கையில், ஃபிளாஸ்க் என் கையில், ஓடினேன். எந்தப் பெட்டி என்று பார்க்கவில்லை. வாசலில் நின்ற ஒரு பட்டாளத்துக்காரர் என் முழங்கைக்கு மேல் பிடித்து இழுத்தார். பால் பாதி புடவையில். பிறகு ஏழு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி நடுவில் ஆடுகிற அந்தத் தகரத்தின் மேல் கால் வைத்து வைத்து நடந்து வந்தேன். வந்து பார்த்தால் நீ பாட்டியின் வளையலைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாய். அப்பா அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நான் சொல்லவில்லை. இப்போது இந்தக் கடிதத்தை அவர் படிப்பார், படிக்கட்டும்.

அதனால் இறங்காதே. ஜன்னல் வழியாகவே எல்லாம் கிடைக்கும். நாக்பூரில் கூடை கூடையாக ஆரஞ்சு வரும், வாங்கு. மேலே பெரிய பழம், அடியில் எலுமிச்சை சைஸில் வைத்திருப்பான், கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு வாங்கு. தோலை ஜன்னலுக்கு வெளியே எறியாதே.

நாக்பூர் தாண்டினால் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவாய். பல்லார்ஷா வரும்போது ஷட்டரை மேலே தூக்குவாய். மத்தியானம் எல்லாரும் அவரவர் பெர்த்தில் சுருண்டு கிடப்பார்கள், ராத்திரி விட்ட தூக்கத்தின் பெரிய துண்டு உனக்கு அப்போதுதான் கிடைக்கும், தூங்கு. வாரங்கல்லில் குல்லாயும் சாக்ஸும் பைக்குள் போய்விடும். விஜயவாடாவில் யாராவது எழுந்து ஃபேன் போடுவார்கள், யாரும் அணைக்கச் சொல்லமாட்டார்கள். காதும் மாறும். காலையில் "சாய், கரம் சாய்" என்று எழுப்பினவர்கள் போய், ராத்திரிக்குள் "இட்லி, வடா" என்று குரல் வந்துவிடும்.

இரண்டாவது ராத்திரி முதல் ராத்திரி மாதிரி இருக்காது. பக்கத்துப் பெர்த்துக்காரர்கள் பெயர், வேலை, மாமியார் சண்டை எல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். கழிவறைக்குப் போகும்போது "பையைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிடுவாய். சொல்லலாம், போன் மட்டும் கையோடு.

வேர் இஸ் மை டிரெயின் ஆப் உன் போனில் இருக்கிறதல்லவா, நெட் இல்லாவிட்டாலும் டவரை வைத்து எங்கே இருக்கிறாய் என்று காட்டும். கூடூர் தாண்டியதும் அப்பாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. விடியற்காலை மூன்று மணியானாலும் பரவாயில்லை. அங்கிருந்து கணக்குப் போட்டுத்தான் அவர் அம்பத்தூரிலிருந்து கிளம்புவார். சென்ட்ரலுக்குக் கொஞ்சம் முன்னால் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக வண்டி நின்றாலும் நிற்கும். வண்டி அங்கே வந்ததுமே எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் இடித்துக்கொண்டு நிற்பார்கள், பத்து நிமிஷமோ அரை மணியோ. நீ எழுந்திருக்காதே. சீட்டுக்கு அடியில் குனிந்து சங்கிலிச் சாவியும் இரண்டு செருப்பும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திரு.

அன்புடன்,
அம்மா