புகை படாத விலா எலும்பு: அமெரிக்கப் பாணி உணவகம் ஒன்றின் நிர்வாகத்தாருக்குத் திறந்த மடல்

சென்னையில் அண்மையில் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பாணி உணவகத்தின் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை இரவு என் தாயார், மனைவி, மகள் ஆகியோருடன் உங்கள் உணவகத்துக்கு வந்திருந்தேன். மேசையை முன்பதிவு செய்திருந்தும் வாசலில் நெடுநேரம் நின்றதையோ, எதிரே அமர்ந்தவர் பேசுவது காதில் விழாத அளவுக்குப் பாட்டு அலறியதையோ, செல்பேசி வெளிச்சத்தில் மெனுவைப் படித்ததையோ நான் பெரிதுபடுத்தப் போவதில்லை. புதிதாகத் திறந்த இடங்களில் இவை வாடிக்கைதான். நான் எழுத வந்தது சாப்பாட்டைப் பற்றியும், அதற்கு நீங்கள் போட்ட பில்லைப் பற்றியும்.

பன்றி விலா எலும்பை 12 மணி நேரம் விறகுப் புகையில் வேகவைப்பதாக உங்கள் மெனு சொல்கிறது. கறியைப் புகையில் வேகவைக்கும் பார்பெக்யூவுக்குப் பேர்போன அமெரிக்காவின் டெக்சாஸில் வேலை நிமித்தமாகச் சில காலம் இருந்தவன் என்பதால், அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. விலா எலும்புக்கு ஐந்தாறு மணி நேரம் போதும். பன்னிரண்டு மணி நேரம் கேட்பது மாட்டின் நெஞ்சுக்கறி. ஏறத்தாழ 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில், நேரடித் தீ படாமல், ஓக் அல்லது ஹிக்கரி விறகின் புகையில் கறி மெல்ல வேகும்போது அதிலுள்ள கெட்டியான இணைப்புத் திசு கரைந்து ஜெலட்டினாகிறது. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு கறியின் நிறமியோடு சேர்வதால், மேற்பரப்புக்குச் சற்று உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு வளையம் படிகிறது. எங்கள் தட்டுக்கு வந்த கறி விளிம்பிலிருந்து எலும்பு வரை ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தது. பரிமாறிய தம்பி எலும்பைத் திருகி உருவிக் காட்டி, "எவ்வளவு பதமாக வெந்திருக்கிறது பாருங்கள் சார்" என்று பெருமையாகச் சொன்னார். கறி அப்படி எலும்பை விட்டு உதிர்வதை, பார்பெக்யூ போட்டி நடத்துகிறவர்கள் அளவுக்கு மீறி வெந்ததன் அடையாளமாகவே கொள்வார்கள். தண்ணீரில் வேகவைத்து, மேலே இனிப்பு சாஸைப் பூசி, அடுப்பில் ஒருமுறை காட்டி எடுத்த கறி அது என்பதே என் கணிப்பு. எலும்பு ரசத்தை யாருக்கோ ஊற்றிவிட்டுச் சக்கையை மட்டும் நமக்குப் பரிமாறியது போல் இருந்தது. புகை மணம் என்று அதில் இருந்ததெல்லாம் புட்டியில் விற்கும் புகைச் சாற்றின் காரல்தான்.

டெக்சாஸின் ஆஸ்டின் நகருக்குத் தெற்கே லாக்ஹார்ட் என்ற சிற்றூரில் பார்பெக்யூ கடைகள் கறியை எடைபோட்டுக் கசாப்புக் காகிதத்தில் வைத்துத் தருகின்றன. அலங்காரம் ஒன்றும் கிடையாது. சாஸை அவர்கள் பெரிதாக மதிப்பதும் இல்லை. கறி சரியில்லை என்றால் அதை மறைக்க அங்கே எதுவும் இல்லை. நீங்களோ சாஸில் தொடங்கி, கறியைக் கடைசியாக யோசித்திருக்கிறீர்கள்.

பஃபலோ விங்ஸ் என்ற கோழி இறக்கை வறுவலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 1964இல் பிறந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பண்டத்துக்கு வெண்ணெயும் புளிப்பேறிய மிளகாய்ச் சாஸும்தான் உயிர்; உங்களுடையதில் சர்க்கரையும் சிவப்புச் சாயமுமே தெரிந்தன. சிக்கன் 65 சாப்பிட்டு வளர்ந்த ஊரில் இதை விற்கத் துணிந்ததை என்னவென்று சொல்வது! சைவம் மட்டுமே உண்ணும் என் தாயாருக்கு மிஞ்சியது, மக்ரோனியைப் பாலாடைக்கட்டிச் சாஸில் புரட்டித் தரும் மேக் அண்ட் சீஸ் ஒன்றுதான். மேலே ஆடை கட்டி, நடுவில் சில்லென்று, மைதாக் கஞ்சியின் பச்சை வாடையோடு அது வந்தது. மக்காச்சோள மாவு ரொட்டி 'இன்று இல்லை' என்றார்கள்.

உங்கள் சுவரில் 66ஆம் நெடுஞ்சாலையின் பெயர்ப்பலகை பெரிதாக மாட்டியிருக்கிறது. சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா வரை சென்ற அந்தச் சாலை 1926இல் உருவாகி 1985இல் தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதன் ஓரத்துச் சாப்பாட்டுக் கடைகள் லாரி ஓட்டுநர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் கட்டுப்படியாகும் விலையில் வயிறு நிறையச் சோறு போட்டவை. கோப்பை காலியானால் கேட்காமலே காப்பி ஊற்றுவது அத்தகைய கடைகளின் வழக்கம். பலகையைக் கொண்டுவந்த நீங்கள் அந்த வழக்கத்தைக் கொண்டுவரவில்லை. இரண்டாவது காப்பிக்கும் முழு விலை போட்டிருந்தீர்கள்.

பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி. நீக்கும்படி கேட்டதற்கு, "சிஸ்டம் தானாகப் போடுகிறது, எடுக்க முடியாது" என்று உங்கள் மேலாளர் பதிலளித்தார். பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தள்ளுபடி செய்தது. பரிமாறிய தம்பிக்கு நான் தனியே கையில் கொடுத்தேன். அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆகவே, சேவைக் கட்டணத்தையும் அதன் மீதான வரியையும் திருப்பித் தரும்படியும், கறியைப் புகையில் வேகவைக்கும் அடுப்பு ஒன்றை நிறுவும் வரை அந்த 12 மணி நேர வாசகத்தை மெனுவிலிருந்து எடுக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். பில்லின் நகலை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியுள்ளேன். உரிய பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
அன்றிரவு வந்த வாடிக்கையாளர்