ஆல்ட்-கன்ட்ரி கேட்ட ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயின்ட் லூயிஸ் வட்டாரத் தமிழர்களான நாம் மாதந்தோறும் ஒரு வீட்டில் கூடி இசைத்தட்டு கேட்கும் இச்சங்கத்தின் ஓராண்டு நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி ஆண்டு முழுவதையும் ஆல்ட்-கன்ட்ரிக்கே, அதாவது அமெரிக்க நாட்டுப்புற மரபில் வந்த கன்ட்ரி இசையையும் முரட்டு ராக் வகையான பங்க்கையும் கலந்த இசைக்கே, ஒதுக்கினோம். மிசிசிப்பி ஆற்றைத் தாண்டினால் காரில் அரை மணி நேரத்தில் இலினாய் மாநிலத்தின் பெல்வில் வந்துவிடும். ஜே ஃபரார், ஜெஃப் ட்வீடி, மைக் ஹைடோர்ன் ஆகிய மூவரும் 1987-இல் அங்கிள் டுபெலோ குழுவைத் தொடங்கியது அந்த ஊரில்தான். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் விடுவது எனக்குக் குறையாகவே பட்டுவந்தது.

முதல் கூட்டத்திலேயே சச்சரவு தொடங்கிவிட்டது. அக்குழு 1990-இல் வெளியிட்ட ‘நோ டிப்ரஷன்’ ஆல்பத்தின் முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் மூத்த உறுப்பினர் ஒருவர், “இதுல கன்ட்ரி எங்கே சார் இருக்கு? கதவை உடைக்கிற மாதிரி கிடார் அடிக்கிறான்” என்றார். நியாயமான கேள்வி. ஆல்பத்தின் பெயர், அப்பலாச்சிய மலைநாட்டுக் கன்ட்ரி குழுவான கார்ட்டர் குடும்பத்தார் 1936-இல் பதிவுசெய்த பக்திப் பாடலில் இருந்து வந்தது. எனவே அந்தப் பழைய பதிவை முதலில் போட்டு, பிறகு பெல்வில் இளைஞர்கள் பாடியதைப் போட்டோம். அடுத்து, 1991-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் ‘டி. பூன்’ என்றொரு பாட்டு. கலிஃபோர்னியாவின் மினிட்மென் என்ற பங்க் குழுவில் பாடிக் கிடார் வாசித்து, 1985-இல் விபத்தில் இறந்த டி. பூனுக்கு அது அஞ்சலி. மலைநாட்டுக் குடும்பப் பாட்டும் பங்க் கிடாரும் ஒரே பையன்களின் காதில் ஒன்றாக விழுந்திருக்கின்றன. எதற்கு முதலிடம் என்று அவர்கள் தரம் பிரிக்கவில்லை. கேள்வி கேட்டவர் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும், அடுத்த மாதம் அந்த இசைத்தட்டை இரவல் வாங்கிப் போனார்.

அதற்கு அடுத்த கூட்டங்களை, கன்ட்ரியையும் ராக்கையும் கலந்த பாடகர் கிராம் பார்சன்ஸின் ரசிகர்களான நம் உறுப்பினர்கள் கைப்பற்றினார்கள். “பெல்விலுக்கு இருபது வருஷம் முன்னாடியே எல்லாம் முடிஞ்சு போச்சு” என்பது அவர்கள் கட்சி. பார்சன்ஸ் பங்கேற்று 1968-இல் பேர்ட்ஸ் குழு வெளியிட்ட ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’, அடுத்த ஆண்டு அவருடைய ஃபிளையிங் பரீட்டோ பிரதர்ஸ் குழு வெளியிட்ட முதல் ஆல்பம், பிறகு பாடகி எமிலூ ஹாரிஸோடு அவர் பாடியவை என்று வரிசையாகப் போட்டுக் காட்டினார்கள். கன்ட்ரிக்கே உரிய பெடல் ஸ்டீல் கிடாரை ராக் குழுவுக்குள் அழகாகக் கொண்டுவந்த பார்சன்ஸ், 1973-இல் 26 வயதில் மறைந்தார். இந்த இசை அவருக்குப் பட்ட கடன் பெரிது. ஆனால் பெல்வில் இசையின் முரட்டுத்தனம் அவரிடம் இல்லை. பங்க் இல்லாமல் அது வந்திருக்காது. இது செயலாளரின் கருத்து. குறிப்பேட்டில் எதிர்க்கருத்தும் பதிவாகியிருக்கிறது.

ஆண்டின் உச்சம், பாடகி ஜில்லியன் வெல்ச்சின் பாடல்களைக் கேட்ட மாலை. 1996-இல் அவருடைய முதல் ஆல்பம் வந்தபோது எழுந்த குற்றச்சாட்டை நம் உறுப்பினர்களும் எழுப்பினார்கள்: லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்த பெண் அப்பலாச்சிய மலைக்காரி குரலில் பாடலாமா? இந்த விவாதம் நள்ளிரவு வரை நீண்டது. என் நிலையை இங்கே சொல்ல வேண்டியது கடமை. பிறப்பைக் கேட்டால் இந்த இசையில் யாரும் மிஞ்சமாட்டார்கள். கிராம் பார்சன்ஸ் ஃபிளாரிடாவின் ஆரஞ்சுத் தோட்டப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. ஹார்வர்டில் சிறிது காலம் படித்தவர். அங்கிள் டுபெலோவின் ‘மார்ச் 16–20, 1992’ ஆல்பத்தில் சுரங்கத் தொழிலாளிகளின் பாட்டைப் பாடிய ஃபராருக்கு அப்போது 25 வயது. அவர் சுரங்கத்தில் வேலை செய்தவர் அல்ல. ஆர்.இ.எம். குழுவின் பீட்டர் பக் தயாரிப்பில் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரில் ஐந்தே நாளில் பதிவான அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, அவர் பாடியது பொய் என்று நம்மில் ஒருவரும் சொல்லவில்லை. சத்தமான கிடாரை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் குரல் நிற்கும் இடம், நான் கேட்டதிலேயே இந்த வகையின் சிகரம்.

இன்னும் பின்னால் போனாலும் இதுதான் கதை. கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டுச் சேகரிக்கப் போனபோது கூடவே போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிடார் கலைஞர். ஏ.பி. வார்த்தைகளைக் குறித்துக்கொள்வார், ரிடில் மெட்டை மனத்தில் ஏற்றிக்கொள்வார். ரிடில் வாசிப்பதைப் பார்த்து, அக்குடும்பத்தின் மேபெல் கார்ட்டர் சில கிடார் நுட்பங்களைக் கற்றார். இசைத்தட்டின் உறையில் ரிடில் பெயர் இல்லை. கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியின் தொடக்கக் கால நட்சத்திரமான கறுப்பின ஹார்மோனிகா கலைஞர் டிஃபோர்ட் பெய்லி 1941-இல் அங்கிருந்து நீக்கப்பட்டார். கன்ட்ரி இசையின் புகழ்மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2005-இல்தான். வெல்ச் மலைக்காரியா என்று மணிக்கணக்கில் பேசுகிற நாம், இந்த இருவர் பெயரையும் அதே அளவு பேசியிருக்க வேண்டும் என்று அன்றே சொன்னேன். எழுத்திலும் வைக்கிறேன்.

ஃபரார் பெரியவரா ட்வீடி பெரியவரா என்ற சண்டை வழக்கம்போல் நடந்தது. குழு பிரிந்த மறு ஆண்டே, 1995-இல், ஃபராரின் புதிய குழுவான சன் வோல்ட் ‘டிரேஸ்’ ஆல்பத்தையும், ட்வீடியின் குழுவான வில்கோ ‘ஏ.எம்.’ ஆல்பத்தையும் வெளியிட்டன. முதல் சுற்றில் ஃபரார் வென்றார் என்பதில் பெரும்பான்மை. வில்கோ பிறகு வேறு திசையில் வெகுதூரம் போய்விட்டது. அதை இந்த வகைக்குள் இழுத்துக் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வசந்த காலத்தில் குடும்பங்களோடு பெல்வில் சென்றுவந்தோம். திரும்பும் வழியில் செயின்ட் லூயிஸின் லாக்லீட்ஸ் லேண்டிங் பகுதியில் இறங்கினோம். 1994 மே 1-ஆம் தேதி அங்கிள் டுபெலோ கடைசியாகப் பாடிய மிசிசிப்பி நைட்ஸ் அரங்கம் அங்கேதான் இருந்தது. அது 2007-இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் இல்லாதது எல்லோருக்கும் வருத்தம். அன்று மதிய உணவு கொண்டுவந்த சகோதரிகளுக்குச் சங்கத்தின் நன்றி.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வீட்டைத் திறந்துவிட்டுக் காபி, பலகாரம் தந்த அனைவருக்கும், பழைய இசைத்தட்டுகளைத் தேடித்தந்த இணைச்செயலாளருக்கும் மனமார்ந்த நன்றி. இரவல் போன தட்டுகளில் சில இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குள் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு பரிந்துரைப்பவை: பாடகி லூசிண்டா வில்லியம்ஸின் 1998 ஆல்பமான ‘கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு’ பற்றி முழுக் கூட்டம் ஒன்று, பான்ஜோவின் ஆப்பிரிக்க வேரைக் கேட்டறிய, பாடகி ரியானன் கிடன்ஸும் கரோலைனா சாக்லேட் டிராப்ஸ் குழுவும் பதிவுசெய்தவற்றுக்கு இரண்டு கூட்டங்கள். இரண்டாவது பரிந்துரைக்குச் செயற்குழுவில் ஒரு வாக்கு எதிராக விழுந்ததால், பொதுக்குழு விவாதித்து முடிவு செய்யுமாறு கேட்டு, இவ்வறிக்கையைத் தங்கள் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்