மிச்சச் சோறு

அன்புத் தம்பிக்கு,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1. 5.7-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நீ வாசல்படியில் நிற்கிறாய், அதுவும் 29 வயதில். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜிம்முக்கும் புரோட்டீன் பவுடருக்கும் சேர்த்து 6,000 கேட்டாய். என் பென்ஷன் எவ்வளவு என்று உனக்கே தெரியும். கையில் இருந்தாலும் பவுடருக்குத் தந்திருக்க மாட்டேன். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் அதைத் தவிர்க்கத்தான் சொல்லியிருக்கிறது. இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம். முட்டை 7 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 420 ரூபாய்தான்.

என் கதையைச் சொல்கிறேன், சிரிக்காதே. அங்கன்வாடியில் இருந்தவரை ஊர்ப் பிள்ளைகளை மாதாமாதம் தராசில் தொங்கவிட்டு எடை குறித்தவள் நான். என் எடையை ஒரு நாளும் பார்த்ததில்லை. போன வருஷம் முட்டுவலி என்று போனபோது 81 கிலோ காட்டியது. எப்படி ஏறியது என்று ஒரு வாரம் என்னையே கவனித்தேன். தட்டில் போட்டுச் சாப்பிடுவதில் பெரிய குறை இல்லை. எல்லாரும் எழுந்த பிறகு அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிடுவேனே, அதுதான். சட்டியில் ஒட்டிய சோறு, அப்பா வைத்துவிட்டுப் போன அரை தோசை, பேத்தி கடித்துப் போட்ட வடை. வீணாகப் போகக் கூடாதென்று எல்லாவற்றையும் வயிற்றில் கொட்டியிருக்கிறேன். "தட்டில் மிச்சம் வைக்காதே" என்று உன்னையும் அதட்டி அதட்டி வளர்த்தவளும் நான்தான். அந்தத் தப்பு என்னுடையது.

உடனே வீராப்பாக ராச்சாப்பாட்டை நிறுத்தினேன். இரண்டு வாரம் தலைசுற்றல். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் மிக்சர் பாக்கெட்டைப் பிரித்தேன், கீழே தூள்தான் மிஞ்சியது. பட்டினி நமக்கு ஒத்துவராது தம்பி.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசி சும்மா கிடைக்கிறது, பாமாயில் லிட்டர் 25 ரூபாய். துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைத்தாலும் ஒரு கிலோதான், அதை மாதம் முழுக்க இழுக்கச் சாம்பாரைத் தண்ணீராக்குவேன். ஆக, தட்டில் சோறு மலை, மற்றதெல்லாம் ஓரம். இப்போது குழிக்கரண்டியால் இரண்டே கரண்டி சோறு. மீதி இடத்தில் கொல்லை முருங்கைக்கீரை, புடலங்காய், காணத்துவையல் (கொள்ளைத்தான் சொல்கிறேன்). கொல்லத்திலிருந்து சாளை மீன் மலிவாக வரும் நாளில் குழம்புதான், பொரிப்பதில்லை. எண்ணெயைக் குப்பியிலிருந்து நேராகக் கல்லில் ஊற்றுவதை விட்டேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி, கை சாய்த்தால் மூன்று கரண்டி போகும். 11 மாதத்தில் 72-க்கு வந்திருக்கிறேன். நடுவில் இரண்டு மாதம் முள் அசையவே இல்லை, அழுகையே வந்தது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். எர்ணாகுளத்தில் ஷிப்டு முடிந்து தட்டுக்கடையில் நாலு பரோட்டா என்றாயே. ஒரு பரோட்டா 250, 300 கலோரி. ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் கரைவது ஏறக்குறைய ஒரு பரோட்டா, அவ்வளவுதான். நடந்தே குறைத்துவிடலாம் என்று கணக்குப் போடாதே. அங்கே கஞ்சியும் பயறும் போடுகிற சின்னக் கடைகள் இருக்கும், தேடிப் பார். மட்டை அரிசிக் கஞ்சி, சிறுபயறு, ஒரு முட்டை. பரோட்டாவை விட மலிவாகத்தான் இருக்கும். டீயில் சர்க்கரையைப் பாதியாக்கு. நாலு டீக்குப் பாதி என்றாலே கணிசம்.

ஆனால் நடக்காமலும் இருக்காதே. வாரத்துக்கு 150 நிமிஷம் போதும் என்கிறார்கள். சாப்பிட்டதும் 15 நிமிஷம் நடந்தால் சர்க்கரை சட்டென்று எகிறாது. நான் புளியரை ரோட்டில் விடியக்காலை போகிறேன். சாரல் காலத்தில் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறவளைப் பார்த்து டீக்கடையில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். உனக்கு வாரம் இரண்டு நாளாவது தசைக்கும் வேலை வேண்டும். தோப்புக்கரணம் போடு, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடு. அறையில் மற்ற பையன்கள் கேலி செய்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்.

நீ 80 கிலோவிலிருந்து 75-க்கு வந்தாலே அந்த 6.1 இறங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பார். சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, மறைக்காதே.

பொங்கலுக்கு வரும்போது பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடக் கூடாதா என்று கேட்பாய். சாப்பிடலாம். இரண்டு. சால்னாவை ஊற்றிக் குளிக்காதே.

எதிர்வீட்டு அண்ணன் ஞாயிற்றுக்கிழமை பாலருவி ரயிலில் எர்ணாகுளம் வருகிறார். வறுத்த காணம் இரண்டு கிலோவும் முருங்கைக்கீரைப் பொடியும் கொடுத்துவிடுகிறேன். காணத்தை ராத்திரியே ஊறப்போடு, இல்லாவிட்டால் வேகாது. எவர்சில்வர் தூக்கைத் திருப்பிக் கொண்டுவா, போன தடவை கொடுத்தது இன்னும் வரவில்லை.

அம்மா
செங்கோட்டை