மழைக்காலப் பதிவுகள்: எல்லோரும் ஒரு தடவை படித்துவிடுங்கள்

நண்பர்களே, வணக்கம். மழை தொடங்கியதும் குழுவில் காளான் படங்கள் குவிகின்றன. ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் நிறைய படங்கள் மேலிருந்து குடையை மட்டும் எடுத்தவை. அதை வைத்து என்ன காளான் என்று சொல்வது கஷ்டம்.

கொஞ்சம் குனிந்து அடிப்பக்கத்தையும் எடுங்கள். செவுள்களா (மெல்லிய தகடுபோன்ற மடிப்புகள்), சிறு துளைகளா? தண்டில் வளையம் உண்டா? முளைத்தது கரையான் புற்றிலா, பட்ட மரத்திலா, சாணத்திலா? முடிந்தால் நன்றாக விரிந்த குடை ஒன்றைப் பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் கவிழ்த்து, மேலே டம்ளரால் மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் தாளில் படிந்திருக்கும் வித்துத்தூளின் நிறம் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

அப்புறம், மட்கிய மரத்தில் மஞ்சள் கூழைக் கொட்டியதுபோல் எதையாவது பார்த்தால் விடாதீர்கள். ஸ்லைம் மோல்டாக இருக்கலாம். அது காளானே இல்லை, அமீபாவுக்கு உறவு, மெல்ல நகரவும் செய்யும். மறுநாளும் போய் ஒரு படம் எடுங்கள்.

உயிரினப் படங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போது போனில் எடுத்த மூலப்படத்தையே ஏற்றுங்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் தேதி, இட விவரம் போய்விடும்.

நட்சத்திர ஆமை, காட்டு ஆர்க்கிட் மாதிரி திருட்டுப் போகக்கூடியவற்றின் இடத்தை அங்கே மறைத்துவிடுங்கள். இங்கேயும் ஊர்ப் பெயர் வேண்டாம்.

‘இதைச் சாப்பிடலாமா?’ என்று யார் கேட்டாலும், படத்தைப் பார்த்து ‘சாப்பிடலாம்’ என்று யாரும் பதில் போடாதீர்கள். உயிர் விஷயம்.